கோவம் எங்கடா போவுது?

நான் முதலில் போட்ட உக்கிர உருவம் அம்மன் இல்லை, யாளி. அதுவும் படம் இல்லை, வெறும் புள்ளி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா நெய்வார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா வாங்கித் தள்ளுவான். சோனியான எனக்குக் கிடைத்தது கிராஃப் தாளும் பென்சிலும். கரையில் ஓட வேண்டிய யாளி, அன்னம், மயில் சக்கரம் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அடைத்துக் கொடுப்பேன். அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். அட்டை ஜக்கார்டில் ஏறிவிட்டால், நெய்ய நெய்ய யாளி தானாக வரிசை கட்டி வரும்.

யாளிக்குக் கண் என்பது ஒரே ஒரு கட்டம். அதை மட்டும் அடைக்காமல் விடவேண்டும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் அதையும் அடைத்துவிட்டேன். அட்டை குத்தி, தறியில் ஏற்றி, ஒரு முழம் நெய்த பிறகுதான் அப்பா கையை நிறுத்தினார். கரை நெடுகக் குருட்டு யாளிகள். வாய் பிளந்திருக்கிறது, பல் இருக்கிறது, பிடரி சிலிர்த்திருக்கிறது. ஆனாலும் பூனைக்குட்டிகூடப் பயப்படாது. "பல்லுல ஒண்ணுமில்லடா, எல்லாம் கண்ணுலதான்" என்றார் அப்பா. வீணான ஜரிகைக்கு அந்த வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். கண்ணின் விலை எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

படம் எழுதக் கற்றது வேறொருவரிடம். தன் படத்தில் பெயர் போடாதவர் அவர். நானும் இங்கே போடவில்லை. வாத்தியார் என்றே சொல்கிறேன். வாகனத்துக்கு வர்ணம், கோயில் சுவரில் சாமி, தஞ்சாவூர் முறையில் பலகைப்படம் என்று வருகிற வேலையை விடமாட்டார். பகலில் கிராஃப் தாள், சாயங்காலம் வாத்தியார் வீடு என்று எனக்குப் பத்து வருஷம் ஓடியது.

பலகைப்படத்தில் முகத்துக்கு வந்து சேரவே நாளாகும். பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டவேண்டும். அதன்மேல் சுண்ணப்பொடியும் பிசினும் கலந்து பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்க்கவேண்டும். கோடு போட்டு, நகைக்கும் மண்டபத்துக்கும் மக்கு வைத்து மேடாக்கி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. பிறகு வர்ணம். கடைசியில் முகம், முகத்திலும் கடைசியில் கண். சிற்பிகள் கண் திறப்பதைத் தனிச் சடங்காகச் செய்கிறார்கள். வாத்தியாருக்கு அதற்குச் சடங்கு கிடையாது. ஆனால் அன்று காலை குளித்துவிட்டு வருவார், யாரோடும் பேசமாட்டார், அணில் முடித் தூரிகையை நாக்கில் தொட்டு முனை கூட்டமாட்டார். அந்த ஒரு நாள் மட்டும் தண்ணீர்க் கிண்ணம்.

எனக்குத் தனியாக வந்த முதல் பெரிய வேலை ஒரு காளி. கடை வைத்திருந்த ஒருவர் பூஜை அறைக்குக் கேட்டார். எட்டுக் கை, சூலம், உடுக்கை, பாசம், கபாலம், கத்தி, கேடயம், மணி, எட்டாவது கையில் தீ. தலையில் சுடர்முடி. கறுப்பை அப்படியே பூசினால் முகம் குழிந்துவிடும். அதனால் விளக்குக் கரியில் நீலம் கலந்தேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "அரக்கன் வேணாம்பா. வீட்ல எதுக்கு அரக்கன் படம்? அம்மா மட்டும் போதும்." நியாயமாகத்தான் பட்டது. காலடியில் தாமரையைப் போட்டேன். சூலம் முன்பக்கம் சாய்ந்திருந்தது, கண் உருண்டு திரண்டிருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

ஒரு மாதத்தில் படம் திரும்பி வந்தது. அவர் மகள், ஐந்து வயது இருக்கும், பூஜை அறைப் பக்கமே போக மாட்டேன் என்கிறாளாம். விளக்கேற்றப் போகும் அவர் மனைவியும் தலையைக் குனிந்தபடியே போய் வருகிறாராம். எனக்கு அவமானமாகப் போயிற்று. பல்லைச் சின்னதாக்கி, நாக்கை உள்ளே தள்ளிவிடலாம் என்று தூரிகையை எடுத்தேன். வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லத் தொடாத. இந்தப் படத்துல கோவம் எங்கடா போவுது, அதச் சொல்லு."

விழித்தேன். அவரே என்னைப் படத்துக்கு எதிரே உட்கார வைத்தார். சூலத்தின் முனையிலிருந்து விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்து என் நெஞ்சில் வைத்தார். "பாத்தியா? அரக்கன எடுத்துட்ட. அவன் இருந்த எடத்துல இப்ப யாரு நிக்கிறது? சாமி கும்பிட வர்றவன் நிக்கிறான்."

அன்று சாயங்காலம் இரண்டே இரண்டு திருத்தம் செய்தோம். தாமரையைச் சுரண்டி, எலுமிச்சம்பழ அளவில் ஓர் அசுரத் தலையைப் பாதத்தின்கீழ் வைத்து, சூலத்தைச் சாய்த்து அதன் முனையை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். இது என் வேலை. கண் வாத்தியாருடையது. நான் கருவிழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளை விட்டிருந்தேன். அவர் மேல் இமையின் கோட்டைக் கடுகளவு கீழே இறக்கினார். இமை கருவிழியைத் தொட்டது, அவ்வளவுதான். "கருவிழிக்கு மேல வெள்ளை தெரிஞ்சா கோவம். கீழ தெரிஞ்சா ஏக்கம். சுத்தியும் தெரிஞ்சா வெறி. வெறி புடிச்சவளக் கும்புட முடியுமா?" என்றார். பல்லும் நாக்கும் மண்டையோட்டு மாலையும் போட்டது போட்டபடி இருந்தன. படம் திரும்பிப் போனது. அந்தச் சிறுமி முதலில் கேட்டது, காலுக்குக் கீழே இருக்கிறவன் யார் என்றுதானாம். சொன்னதும் அவன்மேல் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து கைகளை எண்ண ஆரம்பித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு வாத்தியார் என்னை அங்கங்கே கூட்டிக்கொண்டு போனார். முதலில் பக்கத்திலேயே இருக்கும் கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மணற்கல் கோயில். சுற்றாலையில் வரிசையாக 58 சிறு சன்னதிகள். அவற்றில் 1931-இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் கண்டுபிடித்த பல்லவர் ஓவியங்களின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். காவிக் கோடு, கொஞ்சம் மஞ்சள், எங்கோ ஒரு கண், எங்கோ ஒரு தோள். ஓவியத்தைக் காட்டத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே துர்க்கைச் சிற்பத்தின் முன்னால் போய் நின்றார். பல கைகளில் ஆயுதம், ஒரு கால் சிங்கத்தின்மேல். "வில்லப் பாத்துக்க. அப்புறம் கேக்கிறேன்" என்றார். பல வருஷம் அவர் கேட்கவே இல்லை.

மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் அம்மன் சிங்கத்தின்மேல் பாய்ந்து வருகிறாள். எட்டுக் கை, வில் வளைந்திருக்கிறது. எருமைத் தலையன் கதையைப் பிடித்தபடியே பின்னால் சாய்கிறான். ஒரு கால் ஓடுவதற்குத் தயாராகிவிட்டது. அம்மன் அவனைப் பார்க்கிறாள், நம்மைப் பார்க்கவில்லை. நாம் சண்டைக்குப் பக்கவாட்டில் நிற்கிறோம், நமக்கு ஆபத்தில்லை. அங்கிருந்து திரிமூர்த்தி குகைக்கு நடந்தோம். அதன் பக்கச் சுவரில் அதே அம்மன் வெட்டுண்ட எருமைத் தலையின்மேல் நேராக நிற்கிறாள். இங்கே நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

"புரிஞ்சுதா? சண்ட நடக்கும்போது அவ பார்வ நம்ம பக்கம் வராது. முடிஞ்சப்புறம்தான் திரும்புவா."

மல்லையில் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் எந்த உக்கிர தேவதையின் முன்னாலும் நின்று பார்க்கலாம். விஜயாலய சோழன் தஞ்சையில் எழுப்பிய நிசும்பசூதனிக்குக் காலடியில் அசுரன் உண்டு. திருவாலங்காட்டுக் காளிக்கு எதிரே அசுரன் இல்லை; சிவனே ஆடுகிறார், அவள் வேகமெல்லாம் ஆட்டத்தில் போய்த் தீர்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் காளிக்குக் கோரைப்பல் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். உதட்டோரம் அரிசிமுனை மாதிரி எட்டிப்பார்க்கும். அதே உதட்டில் சிரிப்பும் இருக்கும். கோபம் பல்லில் இல்லை என்பது அந்த ஸ்தபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

தேவி மாகாத்மியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சண்டனும் முண்டனும் படையோடு வரும்போது அம்பிகையின் முகம் கோபத்தில் கறுக்கிறது. அந்த நெற்றியிலிருந்து காளி குதித்து வருகிறாள். கோபத்துக்குத் தனியாக ஓர் உடம்பே கொடுத்துவிட்டார்கள். ஓவியனுக்கு இது பெரிய உதவி. ஒரே பலகையில் இரண்டு பேரையும் எழுதும்போது துர்க்கையின் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்ளலாம். கோபம் எல்லாம் கறுப்பாக, எலும்பாக, பல்லாகப் பக்கத்தில் நிற்கும்.

கொல்கத்தாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் அந்த ஊர்க் காளி வேண்டும் என்று கேட்டார். படுத்திருக்கும் சிவன் நெஞ்சில் கால் வைத்து, நாக்கை நீட்டி நிற்கும் உருவம். நம் பக்கம் நீண்ட நாக்கு என்றால் ரக்தபீஜன் கதைதான் நினைவுக்கு வரும். அவன் ரத்தம் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழ விழப் புது அசுரன் முளைப்பான் என்பதால், விழாமலே குடிக்க நீண்ட நாக்கு. வங்காளத்தில் பலர் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்றார் அவர். ஆவேசத்தில் ஆடி வந்தவள் கணவனை மிதித்துவிட்டோம் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். அதே சிவப்பு நாக்கு, ஒரு ஊரில் தாகம், இன்னொரு ஊரில் வெட்கம். எதுவாக இருந்தாலும் கோபம் போய் நிற்க ஓர் இடம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. காலடியைப் பார்த்தேன், வாத்தியார் விரல் ஞாபகம் வந்தது.

உயரம் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. ஒரு கிராமத்து அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கோபுரச் சுதைகளுக்கு வர்ணம் அடிக்கப் போயிருந்தேன். சாரத்தில் நின்றபடி, முகத்துக்கு நேர் முகமாக அழகாகக் கண் எழுதினேன். சாரம் பிரித்த பிறகு கீழே வந்து பார்த்தால், அம்மன் எங்கள் தலைக்கு மேலே வானத்தை வெறித்துக்கொண்டிருக்கிறாள். ஊர்ப் பெரியவர் ஒருவர், "என்னப்பா, அம்மா எங்களப் பாக்காமப் பக்கத்து ஊரப் பாக்கிறா?" என்று கேட்டார். சொந்தச் செலவில் மறுபடி ஒரு பக்கம் சாரம் கட்டி, கருவிழிகளைக் கீழே இறக்கினேன். சாரத்தில் நிற்கும்போது அது மாறுகண் மாதிரித் தெரிந்தது. தெருவிலிருந்து பார்த்தால் சரியாக இருந்தது. கோபுரத்துக் கண்ணைக் கோபுரத்தில் நின்று எழுதக்கூடாது.

அந்தக் கோயிலில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். வாசலில் நட்ட சூலங்களின் ஒவ்வொரு முனையிலும் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. ஆடி மாதம், கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வருஷமாகப் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. வெறும் சூலத்தை யாரும் நம் பக்கம் நீட்டி வைப்பதில்லை. அதன் முனைக்கு ஏதாவது கொடுத்துவிடுகிறார்கள். பழமும் கூழும் வேப்பிலையும் அம்மனை அடக்க வந்தவை இல்லை. அவள் சூட்டை வாங்கிக்கொள்ள வந்தவை. வாத்தியார் பலகையில் வைக்கச் சொன்ன அசுரத் தலையும் எலுமிச்சம்பழ அளவுதான் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இத்தனையும் தெரிந்த பிறகும் காமாட்சியை மட்டும் நான் தப்பாகவே எழுதிக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்து ஓவியனுக்குக் காமாட்சிதான் சோறு. கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, வெளிநாட்டுக்கு என்று வருஷம் முழுக்கக் கேட்பார்கள். பத்மாசனம், நாலு கை. மேல் கைகளில் பாசம், அங்குசம். கீழ்க் கைகளில் கரும்பு வில்லும் மலரம்புகளும். சாந்த சொரூபம், சுலபமான வேலை என்பது என் எண்ணம். வாடிக்கையாளர்களும் காலண்டர் முகத்தையே கேட்பார்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு போன பிறகு, சாமி என்றாலே அந்தக் கொழுகொழு கன்னமும் கனிந்த கண்ணும்தான். நானும் அப்படியே எழுதினேன். அங்குசத்தை ஒரு நகை மாதிரி தங்க ரேக்கில் வளைத்து, முனையை மழுக்கி விட்டுவிடுவேன்.

தல வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காமாட்சி ஆதியில் உக்கிரமாக இருந்தாள், ஆதிசங்கரர் அவள் முன் ஸ்ரீசக்கரத்தைப் பிரதிஷ்டை செய்து சாந்தப்படுத்தினார் என்பது ஐதீகம். குமரகோட்டத்தை ஒட்டியிருக்கும் ஆதி காமாட்சி கோயிலை இன்றும் காளிகோட்டம் என்கிறார்கள். காமாட்சி சன்னதியில் குங்கும அர்ச்சனை நடப்பது அந்தச் சக்கரத்துக்குத்தான். கிராஃப் தாள் ஆள் என்பதால் எனக்கு அந்தச் சக்கரத்தின்மேல் தனிப் பிரியம். ஒன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 முக்கோணம் ஆகும். ஒரு கோடு நூலளவு விலகினாலும் புள்ளிகள் சேராது. அம்மனுக்கும் நமக்கும் நடுவில் அது இருக்கிறது. கோபத்துக்கு உட்கார ஓர் இடம் என்று அதற்கு நானாக ஒரு பொருள் வைத்துக்கொண்டேன். அங்கேயே நின்றும்விட்டேன்.

ஒரு நவராத்திரி சமயம், நெசவாளர் வீடொன்றில் படத்தைக் கொடுக்கப் போனபோது லலிதா சகஸ்ரநாம பாராயணம் நடந்துகொண்டிருந்தது. முடிந்ததும் வயதான ஒரு மாமி படத்தை உற்றுப் பார்த்தார். "அங்குசம் ஏன் மொண்ணையா இருக்கு?" என்றார். அழகுக்காக என்றேன். "அது அழகுக்கு இல்லப்பா. பாசம் ஆசை, அங்குசம் குரோதம். கரும்பு வில்லு மனசு, அஞ்சு பாணமும் அஞ்சு தன்மாத்திரை. இப்ப படிச்சோமே, அதுலேயே இருக்கே."

வீட்டுக்கு நடந்து வரும்போது வாத்தியார் கேட்காமல் விட்ட கேள்வி தானாக வந்து நின்றது. கைலாசநாதர் கோயில் துர்க்கை கையிலும் வில், காமாட்சி கையிலும் வில். ஒன்று போர் வில், இன்னொன்று கரும்பு. அம்பு மலராகிவிட்டது. ஆனால் அங்குசம் இரும்பாகவே இருக்கிறது. அவளுடைய கோபம் எங்கும் போகவில்லை. கையில்தான் இருக்கிறது, கருவியாக. கோயில் யானைக்குப் பின்னால் எத்தனை நாள் நடந்திருக்கிறோம்! நல்ல பாகன் அங்குசத்தை ஓங்கிப் பார்த்ததுண்டா? காதுக்குப் பின்னால் சும்மா சாத்தி வைத்திருப்பான். ஆனால் அதன் முனை மழுங்கியிருக்காது. அது கூராக இருப்பது யானைக்கும் தெரியும், பாகனுக்கும் தெரியும்.

மறுநாள் போய்ப் படத்தை வாங்கி வந்தேன். ஜீரோ நம்பர் தூரிகையால் அங்குசத்தின் முனையில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தேன். கூர்மைக்கு வேறு வழி கிடையாது, வெளிச்சம் பட்டுத் தெறிப்பது மாதிரி ஒரு புள்ளி. முகத்தைத் தொடவே இல்லை. ஆனால் முகம் மாறியிருந்தது. அதுவரை அவள் நல்லவளாக மட்டும் தெரிந்தாள். இப்போது, தான் எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தவளாக இருந்தாள். வாத்தியார் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், வெற்றிலைச் செல்லத்தை என் பக்கம் தள்ளியிருப்பார்.

இப்போது பார்வை மங்கிவிட்டது. கண் எழுதுவதை நிறுத்திவிட்டேன்; மக்கு வைப்பதும் ரேக்கு ஒட்டுவதும்தான். தெருமுனையில் என் அண்ணன் பேரன் கம்ப்யூட்டரில் பேனர் போடுகிறான். போன ஆடியில் ஓர் அம்மன் படத்தைக் கொண்டுவந்து திரையில் காட்டினான். கண் இரண்டும் தணல். முகம் நிறையப் பல். கை எல்லாம் நரம்பு புடைத்திருக்கிறது. சூலம் நேரே நம்மை நோக்கி நீட்டியிருக்கிறது. முன்னெல்லாம் பல்லைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள், இப்போது கூட்டச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

"எப்படி இருக்கு தாத்தா?"

"நல்லாத்தான் இருக்கு. கோவம் எங்கடா போவுது?"

அவன் திரையைப் பார்த்தான். "ரோட்ல போறவங்க மேல."

"அவங்க என்னடா பண்ணாங்க?"

சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டான். கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வழியாகப் போனேன். பேனர் கட்டியிருந்தார்கள். எனக்கு எழுத்தும் முகமும் கலங்கலாகத்தான் தெரிந்தன. தணல் கண் அப்படியேதான் இருந்தது என்று நினைக்கிறேன். சூலம் நீண்டிருந்த இடத்தில் மட்டும், மூன்று முனையிலும், மஞ்சளாக உருண்டையாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். எலுமிச்சம்பழம்.

கூழ்க் குவளையை வாங்கிக்கொண்டு பேனரின் நிழலில் உட்கார்ந்தேன்.